அவசரக் கேஸ்களுக்கு ஏழு நாள் மறதி

மருத்துவமனையின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். மற்றவற்றையும் மாற்றியிருந்தால் நம்பும்படியாக வந்திருக்கும்.

கிழக்குச்சுடர் பல் மருத்துவ உயர் ஆய்வு நிலையம் என்று வைத்துக்கொள்வோம். மந்தாரக்குப்பத்திலிருந்து வடலூர் போகிற சாலையில் இருக்கிறது. எளிதான பல்லைக் கீழ்த்தளத்தில் பிடுங்குவார்கள். அது லெவல் ஒன்று. ஈறைக் கிழித்து எடுக்க வேண்டியது முதல் மாடி, லெவல் இரண்டு. மயக்கம் கொடுத்துத் தாடை எலும்பைக் குடைய வேண்டியது இரண்டாம் மாடி, லெவல் மூன்று. எந்தப் பல் எந்த மாடிக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வதற்குப் பின்பக்கம் தனிக் கட்டடம் கட்டியிருந்தார்கள். அந்தக் கட்டடத்துக்கு மட்டும் முழுக்க ஏ.சி.

என் மனைவி அம்சவல்லி மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் ஜாக்கெட் தைப்பவள். நூலைக் கத்தரிக்கோலால் வெட்டியதே இல்லை. பல்லால் கடித்துத்தான் அறுப்பாள், கடித்துக்கொண்டே பேசுவாள். ஒரு திங்கட்கிழமை அவளுக்கு வலது கன்னம் எலுமிச்சம்பழத்தை அடக்கியதுபோல் வீங்கியது. பேச்சு பாதியாகக் குறைந்தது. பக்கத்துக் கடை மாணிக்கம்மாள்தான் முதலில் பயந்தாள்.

"அய்யனாரு, உம் பொண்டாட்டி காலையிலேர்ந்து யாரையும் திட்டாம உக்காந்துகினு இருக்கா. எனக்கு என்னமோ சரியாப் படல. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ" என்றாள்.

நான் நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவு. பதினாலு வருடம் கான்ட்ராக்டில் இருந்து பர்மனென்ட் ஆனவன். அன்றைக்கு இரண்டாம் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு அவளைக் கிழக்குச்சுடருக்குக் கூட்டிப்போனேன்.

வரவேற்பில் இருந்த கொளஞ்சிநாதன் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக்காரர். டோக்கன் போட்டு, தாடை முழுவதும் தெரிகிற பெரிய எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். எக்ஸ்ரே எடுக்கிற பெண், தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றச் சொன்னாள். தோடு வந்தது. மூக்குத்தி வரவில்லை.

"அது வராதும்மா. கல்யாணத்தப்ப குறிஞ்சிப்பாடி ஆசாரி முறுக்கினது. மரை கழண்டுபோய் அப்படியே சுத்துது. பத்தொம்பது வருசமா இவரே கழட்டச் சொல்லிக் கேட்டதில்ல, நீ கேக்கற" என்றாள் அம்சவல்லி.

மூக்குத்தியோடு படம் எடுத்தார்கள். கீழ்வரிசையின் கடைசிப் பல், ஈறுக்குள் படுத்துக்கொண்டு பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டிருந்தது. மூக்கிருந்த இடத்தில், யாரோ ஊசியால் குத்தியதுபோல் ஒரு வெள்ளைப் புள்ளி.

படத்தில் பெயர் எழுதவில்லை. நூற்றுப் பதினேழு என்று ஒரு எண் எழுதி உறையில் போட்டார்கள். பிறகு எங்களைப் பின்கட்டடத்தில் இயக்குநர் டாக்டர் மாடசாமியிடம் அனுப்பினார்கள். அவருக்கு ஊர் தென்காசிப் பக்கம். எங்களை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, மிகவும் மரியாதையாகப் பேசினார். அவர் அம்சவல்லியின் வாயைத் திறக்கச் சொல்லவில்லை என்பதை நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் உணர்ந்தேன்.

"போன வருசம் தரச் சான்றுக் குழு வந்தாங்க. ஒரே பல்லோட படத்தை எங்க டாக்டர்கள் மூணு பேர்கிட்ட தனித்தனியாக் காட்டினாங்க. ஒருத்தர் லெவல் ஒண்ணுன்னார், ஒருத்தர் ரெண்டுன்னார், ஒருத்தர் மூணுன்னார். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க? தூக்கமே வரல்ல. ஒரு நோயாளி பிழைக்கலாம், பிழைக்காம போகலாம், அது வேற விஷயம். ஆனா ஒரு நிலையத்துக்குள்ள மூணு கருத்து இருக்கக் கூடாது."

"சரிங்க சார்" என்றேன்.

"அதனால இப்ப விதி போட்டிருக்கோம். மூணு டாக்டர்கள் மூணு அறையில தனித்தனியாப் படத்தைப் பார்ப்பாங்க. ஒருத்தருக்கொருத்தர் பேசக் கூடாது. நோயாளியைப் பார்க்கவே கூடாது. மூணு பேரும் ஒரே லெவல் சொன்னாத்தான் பல்லுல கை வைக்கணும்."

"என்னைப் பாக்காம எம் பல்ல எப்படிங்க பாப்பாங்க?" என்றாள் அம்சவல்லி.

டாக்டர் மாடசாமி புன்னகைத்தார். "நல்ல கேள்விம்மா. நோயாளியைப் பார்த்தா பரிதாபம் வரும். பரிதாபம் வந்தா லெவல் ஏறும். பாருங்க, வலின்னு ஒண்ணு படத்துல தெரியாது. படத்துல தெரியாததை நாம எப்படி அளக்க முடியும்?"

வெளியே வந்ததும் அவள் என்னிடம் சொன்னாள்: "போட்டோவ அளந்து ஜாக்கெட்டு தெச்சா எப்படி இருக்கும், சொல்லு? மூணு டெய்லரு அளந்தாலும் ஆள நிக்கவெச்சு அளந்தாத்தான் தோளு எறங்காம இருக்கும். இந்தாளு டாக்டரா இன்னா?"

அந்த இடத்தில் நான் செய்த தவறை எழுதாமல் தாண்டிப் போக முடியாது. எனக்கு அந்த விதி பிடித்திருந்தது. சுரங்கத்தில் ஓடுகிற பெல்ட்டில் வேலை செய்ய வேண்டுமென்றால் பர்மிட் வேண்டும். எலெக்ட்ரிகல் ஒரு கையெழுத்து, மெக்கானிகல் ஒரு கையெழுத்து, ஷிஃப்ட் இன்சார்ஜ் ஒரு கையெழுத்து. மூன்றில் ஒன்று குறைந்தாலும் உருளையைத் தொடக் கூடாது. இரண்டு கையெழுத்தோடு அவசரப்பட்டு உள்ளே போன ஒருவரின் வலது கையை நான்தான் சாக்கில் சுற்றி எடுத்துவந்தேன். மூன்று கையெழுத்து என்றால் எனக்குக் கோயில் மாதிரி.

"மூணு பேரு பாத்துச் சொன்னா நல்லதுதான் அம்சா. எங்க பர்மிட் மாதிரி. உயிருக்குப் பாதுகாப்பு" என்றேன்.

"நான் இன்னா பெல்ட்டா?" என்றாள்.

அன்று மாலை நான்கு மணிக்கு மதிப்பீடு நடந்தது. எங்களை நடைபாதையில் ஒரு பச்சைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். டாக்டர் சண்முகப்ரியா முதல் அறை, டாக்டர் விஷ்ணு இரண்டாம் அறை, டாக்டர் ஜெயகணேஷ் மூன்றாம் அறை. கொளஞ்சிநாதன் உறையை ஒவ்வொரு அறையாக எடுத்துப் போனார். இயக்குநர் கையில் பந்தயத்துக்கு நேரம் பார்க்கிற கடிகாரம். சண்முகப்ரியா, லெவல் ஒன்று. விஷ்ணு, லெவல் இரண்டு. ஜெயகணேஷ் வெகுநேரம் எடுத்துக்கொண்டார். கடைசியில் அவர் குரல் கதவைத் தாண்டிக் கேட்டது.

"மூக்குக்குப் பக்கத்துல எலும்புக்குள்ள ஏதோ பொருள் இருக்கு. வெள்ளையா, உருண்டையா. கட்டியா இருக்கலாம், கூடுதல் பல்லா இருக்கலாம். லெவல் மூணு."

திரைக்குப் பின்னாலிருந்து அம்சவல்லி கத்தினாள். "ஐயே, அது எம் மூக்குத்திங்க!"

டாக்டர் மாடசாமி கடிகாரத்தை நிறுத்தினார். அவருக்குக் கோபமே வரவில்லை. அவர் முகத்தில் இருந்தது துக்கம்.

"நோயாளி பேசிட்டாங்க. பதிவு பண்ணுங்க கொளஞ்சி."

"சார், மூக்குத்தின்னா அப்ப லெவல் மூணு இல்லைங்களே" என்றேன் நான்.

"மிஸ்டர் அய்யனார், மூக்குத்தியா இல்லையாங்கிறது இங்க பிரச்சினையே இல்ல. அது மூக்குத்தின்னு டாக்டர் ஜெயகணேஷ் தானாக் கண்டுபிடிச்சிருக்கணும். நோயாளி சொல்லித் தெரிஞ்சா அது சுயமான மதிப்பீடு ஆகாது."

பிறகு அடுத்த விதியைச் சொன்னார். மூவர் சொன்னதும் ஒத்துப்போகாவிட்டால் மறுபடியும் பார்க்க வேண்டும். ஆனால் முதலில் சொன்னது ஞாபகம் இருந்தால் அதையே சொல்வார்கள், அல்லது பயந்து மாற்றிச் சொல்வார்கள். ஆகவே டாக்டர்கள் முதலில் அந்தக் கேஸை மறக்க வேண்டும். அதற்கு மறதி இடைவெளி என்று பெயர். சாதாரணக் கேஸ்களுக்குப் பதினான்கு நாள்.

"அவசரக் கேஸ்களுக்கு ஏழு நாள் மறதி" என்றார். "நோயாளி பேசினதால ஒரு நாள் கூடுதல். எட்டு நாள்."

"அதுவரைக்கும் மாத்திரை ஏதாவது?"

"கொடுக்கக் கூடாது. மாத்திரை கொடுத்தா வீக்கம் குறையும், கேஸ் மாறிடும். முதல்ல பார்த்த கேஸும் ரெண்டாவது பார்க்கிற கேஸும் ஒண்ணா இருக்க வேண்டாமா?"

படம்தான் மாறாதே, படத்தைத்தானே பார்க்கிறீர்கள் என்று அம்சவல்லி கேட்கப் போனாள். நான் அவள் கையை அழுத்தினேன். இன்னொரு நாள் கூடிவிடும் என்று பயம்.

மெடிக்கலில் சொந்தமாகக் கேட்டு வாங்கிய மாத்திரை இரண்டு நாள் கேட்டது. மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. வீக்கம் கன்னத்திலிருந்து தாடைக்குக் கீழே இறங்கியது. வாய்க்குள் மூன்று விரல் போனது போய், ஒரு விரல்தான் போனது. கஞ்சியை வடிகட்டிக் கொடுத்தேன்.

நான்காம் நாள் மறுபடி கூட்டிப்போனேன். வளாகத்து டீக்கடையில் டாக்டர் ஜெயகணேஷ் கையில் வடையோடு நின்றிருந்தார். சின்ன வயதுதான், இளகிய முகம். எங்களைப் பார்த்ததும் வடையால் கண்ணை மறைத்துக்கொண்டார்.

"அம்மா, கிட்ட வராதீங்க. நான் உங்களை மறந்துக்கிட்டிருக்கேன்."

"டாக்டர், காய்ச்சல் நூத்தி ரெண்டு" என்றேன்.

"சொல்லாதீங்க சார், ப்ளீஸ்! மூணு நாளா நல்லா மறந்துக்கிட்டு வந்தேன். மூக்குத்தி மட்டும்தான் பாக்கி இருந்தது. இப்ப எல்லாம் போச்சு." அவர் கண் கலங்கியிருந்தது. போன மாதம் மறக்கத் தவறிய ஒரு டாக்டருக்கு மெமோ கொடுத்தார்களாம். அவர் திரும்பி நடந்தார். பிறகு ஓடினார். டீக்குக் காசு கொடுக்கவில்லை என்று கடைக்காரர் கூப்பிட்டதும் அவர் காதில் விழவில்லை.

அம்சவல்லி சிரித்தாள். சிரிப்பது தாடைக்கு வலித்ததால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு விரல் இடைவெளியில் பேச்சு கொழகொழவென்று வந்தது. "நீ என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இப்படித்தான் ஓடின."

எட்டாம் நாள் இரண்டாம் மதிப்பீடு. அதற்குள் அவளால் வாயைத் திறக்கவே முடியவில்லை. பல்லுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் குழல் போனது, அவ்வளவுதான். பேசுவதை நிறுத்திவிட்டு டோக்கன் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதினாள். கழுத்தின் முன்பக்கம் கல்போல் இருந்தது. கொளஞ்சிநாதனிடம் இதைப் படிவத்தில் எழுதச் சொன்னேன். அவர் படிவத்தைக் காட்டினார். வேரின் வளைவுக்குக் கட்டம் இருந்தது. பல்லின் சாய்வுக்குக் கட்டம் இருந்தது. எலும்பின் அடர்த்திக்குக் கட்டம் இருந்தது. வாய் திறக்கவில்லை என்பதற்குக் கட்டம் இல்லை.

"குறிப்புன்னு கீழே ஒரு கோடு இருக்கே, அதுல எழுதுங்க."

"அது டாக்டருங்க கையெழுத்துக்குண்ணே."

அதே திரை, அதே மூன்று அறை. சண்முகப்ரியா, லெவல் மூன்று. விஷ்ணு, லெவல் இரண்டு. ஜெயகணேஷ், லெவல் ஒன்று.

ஒவ்வொருவரும் மற்றவர் என்ன சொல்லியிருப்பார் என்று எட்டு நாள் யோசித்திருந்தார்கள் போலிருக்கிறது. விஷ்ணு மட்டும் யோசிக்கவில்லை. அவர் எந்தப் பல்லுக்கும் லெவல் இரண்டுதான் சொல்வார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அதற்காக அவருக்கு அந்த வருடத்தின் நிலையான மதிப்பீட்டாளர் என்று கேடயம் கொடுத்திருந்தார்கள்.

டாக்டர் மாடசாமி மனம் தளரவில்லை. "கவனிச்சீங்களா? போன தடவை ஒண்ணு, ரெண்டு, மூணு. மொத்தம் ஆறு. இந்தத் தடவை மூணு, ரெண்டு, ஒண்ணு. இப்பவும் ஆறு! தனிமனிதர்கள் மாறியிருக்காங்க, நிலையம் மாறல்ல. இது பெரிய முன்னேற்றம்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாளைக்குக் காலையில இதை ஆராய எங்க குழு கூடுது. உங்க கேஸ்தான் முதல்ல. இன்னும் ஏழே நாள்."

அம்சவல்லி ஒரு சீட்டை எழுதி அவரிடம் நீட்டினாள். அவர் கண்களை மூடிக்கொண்டு அதை வாங்கி, படிக்காமல் உறையில் போட்டு ஒட்டினார். அதில் என்ன எழுதினாள் என்று எனக்கும் தெரியாது.

வாசலிலிருந்து கொளஞ்சிநாதன் என்னோடு சைக்கிள் ஸ்டாண்டு வரை வந்தார். பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே பேசினார். "அண்ணே, நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லிடாதீங்க. இங்க வெச்சிகினு இருக்காதீங்க. அண்ணிய கடலூருக்கு இட்டுகினு போயிடுங்க. இப்பவே."

நான் என்ன சொன்னேன் என்பது ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. "நாளைக்குக் குழு கூடுதாமே கொளஞ்சி. ரெண்டு கையெழுத்து கிட்டத்தட்ட வந்த மாதிரிதான். இன்னும் ஒண்ணுதானே" என்றேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவளுக்கு மூச்சு விடும்போது சத்தம் வந்தது. மாணிக்கம்மாள் என்னை அடிக்காத குறையாகத் திட்டி, ஆட்டோக்காரரை விட்டு ஒரு கார் பிடித்துவந்தாள். வடலூர் தாண்டினோம். குறிஞ்சிப்பாடி தாண்டும்போது அம்சவல்லி ஆசாரி கடைத்தெருப் பக்கம் தலையைத் திருப்பி மூக்கைத் தொட்டுக் காட்டினாள். குள்ளஞ்சாவடி முக்கில் சந்தைக் கூட்டம். முன்னால் ஒரு கரும்பு டிராக்டர் திரும்பிக்கொண்டிருந்தது. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஹாரன் சத்தம் நிற்பதற்குள் அவளுடைய சத்தம் நின்றுவிட்டது.

கடலூர் டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சுக்குழாயை அடைச்சிருக்கு. ஒரு வாரம் முன்னாடி லேசாக் கீறி விட்டிருந்தாப் போதும். எந்த டாக்டரும் வாய்க்குள்ள பார்க்கலையா?" என்றார். மூன்று பேர் இரண்டு தடவை பார்த்தார்கள் என்றேன். அவர் நான் அதிர்ச்சியில் உளறுவதாக நினைத்து என் தோளில் கை வைத்தார்.

குளிப்பாட்டும்போது மாணிக்கம்மாள் சோப்பு போட்டு மூக்குத்தியைக் கழற்றப் பார்த்தாள். சுற்றியது, வரவில்லை. "அவகூடவே போவட்டும் வுடு" என்றாள்.

பதினாறாம் நாள் காரியத்தன்று பந்தி நடந்துகொண்டிருந்தபோது என் போன் அடித்தது. உற்சாகமான ஒரு பெண் குரல். "கிழக்குச்சுடரிலிருந்து பேசறோம் சார். நூத்திப் பதினேழு உங்களோடதா? வாழ்த்துகள்! மூணு டாக்டர்களும் ஒரே லெவல் சொல்லிட்டாங்க. லெவல் ஒண்ணு. சாதாரணமாப் பிடுங்கினாப் போதும். நாளைக்கு வெறும் வயித்துல கூட்டிட்டு வாங்க."

இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வருகிறேன் என்று சொன்னேன்.

போனேன். அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிவரலாம் என்றுதான் போனேன். அவள் உடம்பில் எரியாமல் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அன்றைக்கு அங்கே வாழைமரம் கட்டியிருந்தார்கள். தரச் சான்றுக் குழு வந்திருந்தது. கூடத்தில் கடைசி வரிசையில் என்னையும் உட்காரவைத்துக் கையில் ஒரு பூவைக் கொடுத்தார்கள்.

டாக்டர் மாடசாமி மைக்கைப் பிடித்தார். "நூற்றுப் பதினேழாம் எண் எங்களுக்குப் பெரிய பாடம். இரண்டு தடவை முரண்பாடு. ஏன் என்று ஆராய்ந்தோம். படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, மதிப்பீட்டாளர்களின் கவனத்தைச் சிதறடித்தது. அதன் மேல் கறுப்பு நாடா ஒட்டினோம். மூவரும் ஒத்துப்போனார்கள். நூறு சதவீதம்! நோயாளியிடமிருந்து கேஸைப் பிரித்தெடுத்தால் முரண்பாடு இருக்காது என்பதை நாம் நிரூபித்துவிட்டோம்." கை தட்டினார்கள்.

குழுவில் வந்திருந்த அதிகாரி கோப்பைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "சிகிச்சை முடிஞ்சதா?"

இயக்குநர் கொளஞ்சிநாதனைப் பார்த்தார். கொளஞ்சிநாதன் தரையைப் பார்த்துக்கொண்டு, படிவத்தில் சிகிச்சை முடிவுக்கென்று இருந்த இரண்டு கட்டங்களில் ஒன்றைப் படித்தார். "நோயாளி வரவில்லை."

நான் எழுந்து நின்றேன். "வந்தாங்க. மூணு தடவை வந்தாங்க. வாய் திறக்க முடிஞ்சப்ப ஒரு தடவை, ஒரு விரல் போனப்ப ஒரு தடவை, திறக்கவே முடியாதப்ப ஒரு தடவை. அப்புறம் செத்துட்டாங்க."

அதிகாரி நான் சொன்னதை மரியாதையாகக் கேட்டார். கோப்பில் குறித்தும்கொண்டார். பிறகு இயக்குநர் பக்கம் திரும்பி, "நோயாளி தரப்பு ஒத்துழைப்பு நல்லா இருந்திருக்கு. அதையும் அறிக்கையில சேத்துடுங்க" என்றார். அதற்கும் கை தட்டினார்கள்.

படத்தைக் கொடுக்க முடியாது என்று கொளஞ்சிநாதன் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அது இனிமே நிலையத்தோட சொத்துண்ணே. மாதிரி அறையில மாட்டியிருக்காங்க. லெவல் ஒண்ணுன்னா இனிமே எல்லாருக்கும் அண்ணியோட படம்தான் அளவு. போய்ப் பாத்துட்டு வேணா வாங்க."

மாதிரி அறையில் விளக்குப் பெட்டியின் மேல் அவள் தாடை வெளிச்சமாக இருந்தது. நூல் கடித்துக் கடித்து முன்பல்லில் விழுந்திருந்த சின்னக் குழிகூடத் தெரிந்தது. மூக்கிருந்த இடத்தில் கறுப்பு நாடா. கல்லூரி மாணவர்கள் பத்துப் பேர் வரிசையாக வந்து பார்த்து, "லெவல் ஒண்ணு" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த வரிசை வருவதற்கு முன் நான் நகத்தால் நாடாவை உரித்தேன். அது சிரமமில்லாமல் வந்தது. புள்ளி பளிச்சென்று எரிந்தது.

அடுத்த வரிசையில் முதலில் நின்ற மாணவி தயங்கினாள். "மேல என்னமோ இருக்குடி. மூணா இருக்குமோ?" பக்கத்திலிருந்தவள் இரண்டு என்றாள். பின்னாலிருந்து யாரோ ஒன்றுதான் என்று சத்தம் போட்டார்கள். கசமுசா அதிகமானதும் டாக்டர் ஜெயகணேஷ் உள்ளே வந்தார். கண்ணாடியை மேலே ஏற்றிப் படத்தின் மேல் குனிந்தார். நிமிர்ந்தபோது பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் என்னைத் தெரிந்த அடையாளம் எதுவும் இல்லை. நல்ல உழைப்பாளி.

"இது என்னது?" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

"மூக்குத்திங்க" என்றேன்.

"யாரோடது?"

அந்த நிலையத்தில் அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. அம்சவல்லி என்று சொன்னேன். ஊர், தெரு, தைத்த கடை எல்லாம் சொன்னேன். அவர் வாய் திறந்தது. மூன்று விரல் தாராளமாகப் போகும்.

விதிப்படி அவர் அதை ஏழு நாளில் மறந்திருக்க வேண்டும். நோயாளி தரப்பில் ஒருவர் பேசிவிட்டதால், எட்டு நாள்.